பிள்ளையை யார் பார்த்துக்கறது?

போன ஞாயித்துக்கிழமை ஆஸ்லோவுல நல்ல வெயில். இந்த ஊர்ல வெயில் அடிக்கிற அன்னைக்கு வீட்டுக்குள்ள உட்கார்ந்திருந்தா தெய்வக்குத்தம் மாதிரி பார்ப்பாங்க. (ஈழத்து நண்பர்கள் "ஒஸ்லோ, நோர்வே"ன்னு திருத்துவீங்க, எனக்கு ஆஸ்லோ, நார்வேதான் வருது, மன்னிச்சுக்கோங்க.) தீசிஸ் மூடி வச்சுட்டு ஆக்கர்செல்வா ஆத்தங்கரையோரமா நடக்கப் போனேன். நம்ம ஊர்க் கணக்குல இது ஆறே இல்ல, பெரிய வாய்க்கால். ஆனா நார்வேயோட தொழிற்புரட்சி இந்த வாய்க்கால் தண்ணியிலதான் ஓடுச்சு. 1850கள்ல இருந்து வரிசையா நெசவு மில்லுங்க. உள்ள தறி ஓட்டினவங்கள்ல பெரும்பாலும் பெண்கள். சாகனே பக்கத்துல ஒரு பாலத்து மேல நாலு மில் பொண்ணுங்களுக்கு சிலை வச்சிருக்காங்க. பாலத்தைத் தாண்டினா அருவி, அருவிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சிவப்பு மர வீடு. இப்ப அது காபிக்கடை, வாஃபிள் நல்லா இருக்கும். வீட்டோட பேரு "ஹொன்ஸ-லோவிசா வீடு". ஹொன்ஸன்னா கோழி. கோழி லோவிசா!

யாருடா இந்தம்மான்னு தேடினா, நிஜ மனுஷியே இல்ல. ஆஸ்லோ மில் தெருக்களைப் பத்தி எழுதின ஒஸ்கர் ப்ரோட்டன்ங்கற எழுத்தாளர் 1911-ல எழுதின ஒரு நாடகத்துல வர்ற பாத்திரம். மில்லுக்குப் போற பொண்ணுங்களோட பிள்ளைங்களை வச்சுப் பார்த்துக்கற கிழவி. மில் முதலாளிங்க பேரை எல்லாம் கூகுள் பண்ணித்தான் தெரிஞ்சுக்கணும், ஆனா கற்பனைல வந்த ஒரு ஆயாவுக்கு ஊர் வீடு கொடுத்து பேரும் வச்சிருக்கு. வாஃபிளை முழுங்கிட்டு இதையே யோசிச்சுட்டு இருந்தேன். ஏன்னா அன்னைக்குக் காலைலதான் எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல ஒரு பஞ்சாயத்து.

அண்ணிக்கு 26 வாரம் லீவு முடியப்போகுது. 2017-ல பிரசவ விடுப்புச் சட்டத்தைத் திருத்தி இந்த 26 வாரத்தைக் கொடுத்தாங்க, அம்பது பேருக்கு மேல வேலை பார்க்கற இடத்துல குழந்தைக் காப்பகம் இருக்கணும்னும் சொன்னாங்க. அண்ணி ஆபீஸ்ல காப்பகம்னு ஒண்ணு காகிதத்துல இருக்கு, அவங்க இருக்கற ஏரியாவுல இருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்துல. அம்மா சென்னைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னா, பைபாஸ் பண்ணின அப்பாவை ஊர்ல யார் பார்த்துக்கறது. அண்ணியோட அம்மாவுக்கு முட்டி வலி. இப்படிச் சுத்திச் சுத்திக் கணக்குப் போட்டுட்டு, கடைசில ஒரு சித்தி போட்ட மெசேஜ்: "அவளுக்கே வேலைக்குப் போக அவ்வளவா விருப்பம் இல்ல போல."

விருப்பம்! அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க :-)

நார்வேன்னாலே பெண் பிரதமர், பெண் மந்திரி, பால்வண்டி மாதிரி முன்னாடி பெட்டி வச்ச சைக்கிள்ல பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற அப்பாக்கள்னு நமக்கு ஒரு படம் இருக்கு. ஏதோ வைக்கிங் காலத்துல இருந்தே இப்படித்தான்னு நினைச்சுட்டுத்தான் நானும் வந்தேன். கிடையாது. 1950கள்லயும் 60களோட தொடக்கத்துலயும் மேற்கு ஐரோப்பாவுலயே இல்லத்தரசிகள் ரொம்ப அதிகமா இருந்த நாடுகள்ல ஒண்ணு இது. 1960 மக்கள்தொகைக் கணக்குல, கல்யாணமான பெண்கள்ல வேலைக்குப் போறவங்கன்னு எழுதப்பட்டவங்க பத்துல ஒருத்தர் கூட இல்ல.

இந்தக் கணக்கை அப்படியே நம்பவும் கூடாது. யாரோட வருமானத்துல முக்கியமா வாழறேங்கறதை வச்சு எழுதின கணக்கு அது. பண்ணையில மாடு கறந்து, வைக்கோல் காயப்போட்டு, புருஷன் மாசக்கணக்கா மீன்பிடிக்கவோ கப்பலுக்கோ போயிருக்கறப்ப மொத்தத்தையும் தூக்கி நிறுத்தின பொம்பளையும் அந்தத் தாள்ல "இல்லத்தரசி"தான். நம்ம ஊர்ல நாள் முழுக்கக் களை எடுத்துட்டு வர்றவங்களையும் "வீட்டுல சும்மாதான் இருக்காங்க"ன்னு எழுதிட்டுப் போறதில்லையா, அதே கதை. ஆனா கூலி, சம்பளம்னு கைக்கு வர்ற வேலையில கல்யாணமானவங்க கம்மிங்கறது நிஜம்தான்.

ஏன் கம்மி? சட்டம் தடுக்கல. 1888-லயே கல்யாணமான பொண்ணு தான் சம்பாதிச்ச காசைத் தானே வச்சுக்கலாம்னு நார்வேல சட்டம் வந்தாச்சு. 1913-ல எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு. தடுத்ததெல்லாம் வேற வழியா வந்தது. 1920கள்ல வேலையில்லாத் திண்டாட்டம் வந்தப்ப, எல்.ஓ.ன்னு சொல்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பே 1925 மாநாட்டுல, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலை பார்க்கறதுக்கு எதிரா தீர்மானம் போட்டுச்சு. ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் போதும்ங்கற நியாயம். தொழிலாளி வர்க்கக் கட்சிங்க! 1937-லதான் அதைக் கைவிட்டாங்க. நம்மளும் சிரிக்க முடியாது. இந்திய வெளியுறவுப் பணியில சேர்ந்த பெண் கல்யாணம் பண்ண அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், குடும்பம் வேலைக்கு இடைஞ்சல்னு பட்டா ராஜினாமா பண்ணச் சொல்லலாம்னு விதி வச்சிருந்தோம். சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1979-ல கிருஷ்ணய்யர் தீர்ப்புல அதைக் கிழிச்சுத் தொங்கவிட வேண்டியிருந்தது.

போருக்கப்புறம் தீர்மானம் எதுவும் தேவைப்படல. கணக்கே வேலையைப் பார்த்துக்கிச்சு. அன்னைக்கு இருந்த வரி முறையில பொண்டாட்டி சம்பளத்தைப் புருஷன் சம்பளத்துக்கு மேல அடுக்கி ஒரே கணக்கா வரி போடுவாங்க. வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும் இல்லையா. அதனால புருஷனோட முதல் குரோனருக்குக் கம்மி வரி, பொண்டாட்டியோட முதல் குரோனருக்கே மேல்தட்டு வரி. அதுல பஸ் காசு, பிள்ளையைப் பார்க்கற ஆளுக்குக் காசு எல்லாம் போனா கையில என்ன மிஞ்சும்? ராத்திரி சாப்பாட்டு மேசையில பென்சில் வச்சு எழுதிப் பார்த்தாலே "விருப்பம்" தானா வடிஞ்சுடும். 1959-ல சட்டத்தை மாத்தி, வேணும்னா தனித்தனியா வரி கட்டலாம்னாங்க. பாராளுமன்றப் பேச்சுகளை விட இந்த ஒரு வரித் திருத்தம் நிறையக் கதவைத் திறந்துச்சுன்னு எனக்குப் படுது.

இன்னொண்ணு பள்ளிக்கூடம். இங்க 1997 வரைக்கும் ஏழு வயசுலதான் பள்ளிக்கூடம். அதுவும் சின்ன வகுப்புன்னா ரெண்டு மூணு மணி நேரத்துல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மதிய சாப்பாடு போடற வழக்கம் கிடையாது, ரொட்டித்துண்டைக் காகிதத்துல மடிச்சுக் கொடுத்து விடணும். அப்போ ஏழு வயசு வரைக்கும் பிள்ளை வீட்டுல, அதுக்கப்புறமும் பாதி நாள் வீட்டுல. ஒரு ஆள் வீட்டுல இருந்தே ஆகணும்னு நாடே சேர்ந்து கால அட்டவணை போட்டு வச்சிருந்தது. மழலையர் கூடம், இங்க பார்னஹாகெம்பாங்க, 1970-ல நூத்துல மூணு பிள்ளைக்குக் கூட இடம் கிடையாது.

அப்புறம் எப்படி மாறுச்சு? நான் எழுத உட்கார்ந்தப்ப எனக்குத் தெரிஞ்ச பதில் சுலபமா இருந்துச்சு: 1975-ல பார்னஹாகெ சட்டம் வந்தது, அரசாங்கம் காசு கொட்டுச்சு, அம்மாக்கள் வேலைக்குப் போனாங்க. சுபம். ஆனா ஹாவ்னெஸ், மொக்ஸ்டாட்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2011-ல ஒரு கட்டுரை போட்டிருக்காங்க. 1975-க்கப்புறம் பார்னஹாகெ வேகமா பெருகின ஊர்களையும் மெதுவா பெருகின ஊர்களையும் வச்சு ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. முடிவு? அம்மாக்கள் வேலைக்குப் போனதுல பெருசா வித்தியாசமே இல்ல. பார்னஹாகெ வந்த ஊர்லயும் போனாங்க, வராத ஊர்லயும் போனாங்க.

இதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் கோபமே வந்துச்சு, தீசிஸ்ல ஒரு அத்தியாயம் காலி :-( ஆனா யோசிச்சா அதுல தான் விஷயமே இருக்கு. பார்னஹாகெ இல்லாதப்ப அந்தப் பிள்ளைங்க எங்க இருந்தாங்க? பாட்டி வீட்டுல. பக்கத்து வீட்டுல காசு வாங்கிட்டுப் பார்த்துக்கற "தாக்மம்மா"கிட்ட, அதாவது பகல் அம்மா. ஆஸ்லோ பூங்காக்கள்ல பனியோ வெயிலோ கும்பலா பிள்ளைங்களை மேய்க்கிற "பார்க் அத்தை"ங்ககிட்ட. கோழி லோவிசா செத்தே போகல, ஊர் முழுக்கப் பரவி இருந்தா. அரசாங்கம் பார்னஹாகெ கட்டினப்ப பிள்ளைங்க லோவிசா கையில இருந்து அரசாங்கம் கைக்கு மாறினாங்க, அவ்வளவுதான். வேலைக்குப் போறது முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம்னு புதுசா வந்த அரசு வேலைகள், அதுலயும் அரை நாள் வேலைகள்தான் இழுத்துச்சு. அந்த அரை நாள் பழக்கம் இங்க பெண்களை விட்டு இன்னும் முழுசாப் போகல.

வேடிக்கை என்னன்னா, இல்லத்தரசிகள் சங்கம்னே 1915-ல இருந்து ஒண்ணு இங்க இருந்தது. அவங்களே ஊர் ஊரா மழலையர் கூடம் நடத்தினாங்க. வீட்டுல இருக்கறவங்களுக்குத்தானே தெரியும், நாள் முழுக்கப் பிள்ளையோட தனியா இருக்கறது என்னன்னு. 1997-ல பேருல இருந்து "இல்லத்தரசி"யை எடுத்துட்டாங்க.

லோவிசா, பாட்டி, பகல் அம்மா, பார்க் அத்தை எல்லாம் யாரு? எல்லாரும் பொம்பளைங்க. அப்பாக்கள் எங்க போனாங்கன்னு முதல்ல கேட்ட ஆளுங்கள்ல ஒருத்தர் எரிக் க்ரொன்செத்ங்கற ஆஸ்லோ சமூகவியலாளர். 1971-ல இருந்து 75 வரைக்கும் ஒரு பரிசோதனை. 16 தம்பதிகள், ரெண்டு பேருமே அரை நாள் வேலை, மீதி நேரம் மாத்தி மாத்தி வீடும் பிள்ளையும். நாடு அதைப் பின்பற்ற ரொம்ப நாளாச்சு. 1993-ல, அப்பா எடுக்கலைன்னா காலாவதி ஆகிடும்ங்கற மாதிரி நாலு வாரம் லீவை அப்பாவுக்குன்னே ஒதுக்கினாங்க, உலகத்துலயே முதல் தடவையா. அதுக்கு முன்னாடியும் அப்பாக்கள் எடுக்கலாம்னுதான் சட்டம் இருந்தது, எடுத்தவங்க சொற்பம். "எடுக்கலாம்"ங்கறது "எடுக்கலைன்னா போச்சு"ன்னு ஆனதும் அப்பாக்களுக்கெல்லாம் திடீர்னு விருப்பம் வந்துடுச்சு, பார்த்தீங்களா சித்தி! இப்ப முழுச் சம்பளக் கணக்குல அது 15 வாரம்.

இந்த க்ரொன்செத் பரிசோதனையை நான் யார்கிட்ட சொன்னேன்னா, வார இறுதியில என்னோட கிளீனிங் வேலைக்கு வர்ற ஒரு யாழ்ப்பாணத்து அக்காகிட்ட. மாணவர்கள் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்க்கலாம், நான் வாளியும் மாப்பும் தூக்கறது அப்படித்தான். அக்கா விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"இதுக்கு ஆராய்ச்சியோ பிள்ளை? நாங்கள் பின்மார்க்கிலை பத்து வருஷம் இதைத்தானே செய்தனாங்கள்."

பின்மார்க் தெரியாதவங்களுக்கு: நார்வேயோட வடக்கு உச்சி. குளிர்காலத்துல ரெண்டு மாசம் சூரியனே எட்டிப் பார்க்காது. 1956-ல யாழ்ப்பாணத்துல இருந்து வந்த அந்தோணி ராஜேந்திரம்தான் இங்க வந்த முதல் தமிழர்னு சொல்வாங்க. அவர் ஆரம்பிச்சு வச்ச சீ-நோர் திட்டம் 1967-ல காரைநகர்ல மீன்பிடித் தொழில்ல இறங்கினது. அந்தத் தொடர்புல கொஞ்சப் பேர், அப்புறம் மக்கள் கல்லூரிகள்ல படிக்கன்னு கொஞ்சப் பேர், 1983-க்கப்புறம் அகதிகளா நிறையப் பேர். வடக்குல மீன் ஆலைகள்ல ஆள் பஞ்சம். ஊர்க்காரப் பிள்ளைங்க தெற்கே ஓடிட்டு இருந்தாங்க, அந்த இடத்துல நம்மாளுங்க போய் நின்னாங்க. முதல்ல ஆண்கள், பின்னாடி கல்யாணம் பண்ணிப் பெண்கள்.

அக்கா வந்தது 1990-ல. ஊர்ல ஆசிரியப் பயிற்சி முடிச்சவங்க. வந்து மூணாவது மாசம் மீன் துண்டு போடற வரிசையில நின்னாங்க, வெள்ளைத் தொப்பி, ரப்பர் பூட்ஸ், கை மரத்துப் போற தண்ணி. ரெண்டு வருஷத்துல மகன். மூணு பக்கம் கடல், ஒரு பக்கம் பனி, ஊர்ல ஒரே ஒரு பார்னஹாகெ, அதுல இடமில்ல.

"அங்கை எங்கட அம்மா இல்லை, மாமி இல்லை. பிள்ளையை ஆரிட்டை விடுறது? அவர் காலமை ஆறு மணிக்குப் போனா ரெண்டரைக்கு வருவார். நான் மூண்டு மணிக்கு நிக்கோணும். வாசல்லை வைச்சுப் பிள்ளையைக் கைமாத்திப்போட்டு ஓடுறதுதான். கிழமையிலை ஞாயிறு மட்டுந்தான் அவரின்ரை முகத்தை வெளிச்சத்திலை பாக்கிறது, அதுவும் லைட் வெளிச்சம்."

அண்ணனுக்கு முட்டை பொரிக்கவே தெரியாதாம். ஆறு மாசத்துல புட்டு அவிக்கப் பழகிட்டாராம். வீட்டுக்கு ஆளுங்க வந்தா மட்டும் "நீதான் சமைச்சனி எண்டு சொல்லு"ன்னு கெஞ்சுவாராம். க்ரொன்செத் ஐயாவோட 16 தம்பதிகளும் கொள்கைக்காகப் பண்ணினதை, பாட்டி இல்லாத ஒரே காரணத்துக்காக இவங்க பண்ணியிருக்காங்க. யாழ்ப்பாணத்துலயே இருந்திருந்தா அந்த மனுஷன் அடுப்படிப் பக்கம் வந்திருப்பாரா? அக்காவே சொல்றாங்க, சத்தியமா மாட்டார்.

நான் உடனே உணர்ச்சிவசப்பட்டு, "அப்ப வேலைக்குப் போனது உங்களுக்கு ஒரு விடுதலை மாதிரி இருந்துச்சா அக்கா?"ன்னு கேட்டேன். (மாஸ்டர்ஸ் படிக்கிறவ கேக்கற கேள்வி.)

"விடுதலையோ? ஏஜென்சிக் காசு வட்டிக்கு எடுத்தது. தங்கச்சிக்குச் சீதனம் குடுக்கோணும். நான் போகாட்டி ஆர் கட்டுறது? எனக்குப் படிப்பிக்கத்தான் விருப்பம். மீன் வெட்ட ஆருக்கு விருப்பம் வரும்?"

வாயை மூடிட்டு ஜன்னலைத் துடைச்சேன். விருப்பம் இல்லாம வீட்டுல இருந்தவங்களைப் பத்தி மட்டுமே யோசிச்சுட்டு வந்த எனக்கு, விருப்பம் இல்லாமலே வேலைக்குப் போனவங்களைப் பத்தித் தோணவே இல்ல. புள்ளிவிவரத்துல அவங்க "உயர்ந்த பங்கேற்பு". இலங்கையில இருந்து வந்தவங்க வேலையில இருக்கற அளவு மத்த அகதிச் சமூகங்களை விட அதிகம்னு இங்க பாராட்டுவாங்க. அந்தப் பாராட்டுல ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் எந்தப் பெட்டிக்குள்ள இருக்குங்கற விவரம் வராது.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், ஏன்னா நார்வே நேர்கோட்டுல முன்னேறிடல. 1998-ல பார்னஹாகெ பயன்படுத்தாத பெற்றோருக்கு மாசம் காசுன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, கொந்தாந்த்ஸ்தொத்தெ. குடும்பமே முடிவு பண்ணட்டும்ங்கற நல்ல வார்த்தையோடதான் வந்தது. சம்பளம் கம்மியா இருக்கற, வெளிநாட்டுல இருந்து வந்த அம்மாக்களைத்தான் அது அதிகமா வீட்டுல நிறுத்துச்சுன்னு பின்னாடி ஆய்வுகள்ல வந்தது. திரும்பவும் அதே சாப்பாட்டு மேசை, அதே பென்சில். அப்புறம் படிப்படியா சுருக்கிட்டே வந்து, 2024-ல இருந்து 13 மாசத்துல இருந்து 19 மாசம் வரைக்கும்னு ஆக்கிட்டாங்க. இன்னொரு பக்கம் 2009-ல பார்னஹாகெ இடம் பிள்ளையோட சட்ட உரிமை ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல இருந்து மாசம் 1,200 குரோனருக்கு மேல வாங்கக்கூடாது. நான் சனி ஞாயிறு துடைக்கற கூலியில ஒரு நாளுக்குள்ள அடங்கற காசு.

நார்வே பார்னஹாகெ சட்டம் போட்ட அதே 1975-ல, அக்டோபர் 2-ஆம் தேதி நம்ம ஊர்ல 33 வட்டாரங்கள்ல அங்கன்வாடித் திட்டம் ஆரம்பிச்சது. அதை நான் குறைச்சுப் பேச மாட்டேன், எத்தனை பிள்ளைங்க வயிறு அதுல நிறைஞ்சிருக்கு. ஆனா அது பிள்ளையோட எடையை நினைச்சுப் போட்ட திட்டம், அம்மாவோட ஷிப்டை நினைச்சுப் போட்டது இல்ல. மதியம் முடிஞ்சு பிள்ளை வீட்டுக்கு வந்துடும். வீட்டுல யாராவது இருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை அதுக்குள்ள இருக்கு.

எங்க வீட்டுல அந்த யாராவது பாட்டிதான். அம்மா ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அண்ணனைப் பாட்டி பார்த்துக்கிட்டாங்க. நான் பொறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பாட்டி பாத்ரூம்ல விழுந்து இடுப்பு போச்சு. அப்புறம் அம்மா பார்த்துக்க வேண்டிய ஆள் ரெண்டு, படுக்கையில ஒண்ணு, தொட்டில்ல ஒண்ணு. "எனக்கு வீட்டுல இருக்கறதுதான் பிடிச்சது"ன்னு அம்மா எப்பவும் சொல்வாங்க. நானும் இருபத்தஞ்சு வருஷமா நம்பிட்டு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் பண்ணி, "கடைசியா எவ்வளவும்மா சம்பளம்?"னு சும்மா கேட்டேன்.

யோசிக்கவே இல்ல. "ஆயிரத்து எண்ணூறு. பி.எஃப். பிடிச்சது போக ஆயிரத்து ஐநூத்து எண்பத்தி நாலு."

அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. "மழை பெய்யுதா அங்க?"ன்னாங்க. இல்லம்மா, வெயில்தான்னேன்.

பின்மார்க் அக்கா சொன்ன ஷிப்ட் கதையை அப்படியே டைப் பண்ணி குடும்ப குரூப்புல போட்டேன். அண்ணன் ஆபீஸ்ல காலைல ஆறு மணி ஷிப்ட் உண்டு, கேட்டா மாத்திக் கொடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும், அதையும் சேர்த்துப் போட்டேன். சித்தி பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. அண்ணன் ஒரு கட்டைவிரல் போட்டான், அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னும் புரியல. அங்க ராத்திரி பதினொன்றரை மணிக்கு அண்ணிகிட்ட இருந்து தனியா ஒரு மெசேஜ்:

"அந்த அண்ணா நிஜமாவே புட்டு அவிச்சாரா? எத்தனை மாசத்துல கத்துக்கிட்டாருன்னு சொன்னே?"